ஒன்றும் எழுதாத பூட்டு

“டீச்சர், இது பூட்டே இல்ல.”

மாசிலாமணி திரையைக் காட்டினார். நாற்பது பேருடைய அஞ்சல் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரே ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும், அதே பெயரில், ‘லாக்’ என்று வால் வைத்த ஒரு குட்டிக் கோப்பு.

“திறந்து பாத்தேன். உள்ள ஒரு எழுத்து கூட இல்ல.”

“ஆமா” என்றாள் பேச்சியம்மாள்.

“காலி ஃபைல் எப்படி டீச்சர் பூட்டாகும்?”

“இருக்குல்லா. அது போதும்.”

பெயர்தான் பேச்சி. ஒரு நாளைக்கு அவள் பேசுகிற சொற்களை ஒரு தீப்பெட்டியில் போட்டு மூடிவிடலாம்.

*

தூவானக்குன்று மௌன இல்லம் செங்கோட்டைக்கு மேலே இருக்கிறது. மேலே வருகிறவர்கள் போனை அடிவாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். வெளியுலகம் வேண்டுமென்றால் கடிதம்தான். அதுவும் இந்த ஒரு அறையில், இந்தப் பழைய கம்ப்யூட்டரில், வந்து உட்கார்ந்து படித்துவிட்டுப் போக வேண்டும்.

அறையின் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து காலி நாற்காலிகளில் உட்காரும். யாரும் அதை எழுப்ப மாட்டார்கள்.

திரை மேலே இருந்தது. கடிதப் பெட்டிகள் அடிவாரத்துக் கட்டிடத்தில் இருந்தன. நடுவில் இரண்டு மைல் கம்பி. சாரல் விழுந்தால் கம்பி தூங்கிவிடும். பிறகு எழுத்துகள் சொட்டுச் சொட்டாகத்தான் நகரும்.

பேச்சியம்மாளுக்கு முப்பத்து நான்கு வயது. முன்பு தென்காசியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவள். அந்த டீச்சர் பட்டம் மலையேறியும் போகவில்லை. மாசிலாமணிக்கு அறுபத்தொன்று. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அமைதி வேண்டும் என்று வந்தார். வந்தவருக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. அஞ்சல் அறையில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆக, அங்கே சொல்லிக் கொடுக்கிறவளை டீச்சர் என்றும், கற்றுக்கொள்கிறவரை மாஸ்டர் என்றும் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். யாரும் தெளிவுபடுத்துவதில்லை.

*

“அந்தப் பூட்டு என்னதான் செய்யும்?” என்று மாசிலாமணி விடாமல் கேட்டார்.

“கடிதம் கொண்டு வர்றது ஒரு புரோகிராம். படிக்கிறது இன்னொரு புரோகிராம். ரெண்டும் ஒரே பெட்டியில ஒரே நேரத்துல கை வச்சா எழுத்து மேல எழுத்து விழும். அதனால முதல்ல வர்றது ஒரு காலி ஃபைலை வாசல்ல வச்சிட்டு உள்ள போகும். அடுத்தது அதைப் பாத்துட்டு வெளிய நிக்கும்.”

“பாக்காம உள்ள போனா?”

“போகலாம்.”

“யாரும் தடுக்க மாட்டாவளா?”

“மாட்டாவ.”

மாசிலாமணி சிரித்தார். ரயில்வேக்காரர் சிரிப்பு.

“எங்க லைன்ல டோக்கன்னு ஒண்ணு உண்டு. இரும்புக் குண்டு. பிரம்பு வளையத்துல போட்டுக் கொடுப்போம். அது கையில இல்லாம எந்த டிரைவரும் ஒத்தை லைன்ல வண்டிய எடுக்க முடியாது. முப்பத்து நாலு வருஷம் டீச்சர். ஒரு வண்டி மோதல. அது பூட்டு.”

“டோக்கன் இல்லாம டிரைவர் வண்டிய எடுத்தா?”

“எடுக்க மாட்டான்.”

“எடுத்தா? குண்டு போய்ச் சக்கரத்தைப் பிடிக்குமா?”

“பிடிக்காது. வண்டி போயிடும்.”

“ம்.”

“ஆனா எடுக்க மாட்டான் டீச்சர்.”

“ம்” என்றாள் மறுபடியும். இந்த முறை லேசாகச் சிரித்தாள்.

அன்று முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பத்து நாலு வருஷம் இரும்பை நம்பியிருந்ததாக நினைத்திருந்தார்.

*

மறுநாள் இன்னொரு கேள்வியோடு வந்தார்.

“பூட்டு வச்சவன் உள்ளயே செத்துட்டா? கரண்ட் போயி, புரோகிராம் பாதியில நின்னுட்டா? பூட்டு அப்படியே கிடக்குமே?”

நல்ல கேள்வி. பேச்சியம்மாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் நீளமாகச் சொல்லப்போகிறாள் என்று அர்த்தம்.

“அதுக்கு நேரம் பாக்கணும் மாஸ்டர். உயிரோட இருக்கவன்...”

“தெரியும் தெரியும். செத்த பூட்டுன்னா தூக்கிப் போட்டுடணும். அவ்வளவுதான?”

அவள் மீதியைச் சொல்லவில்லை. நாற்காலியை மறுபடி திருப்பிக்கொண்டாள்.

இது அவருடைய பழைய வியாதி. அடுத்தவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பது இவராக இருக்கும். அவர் மனைவி உயிரோடு இருந்தவரை அவரை முந்திரிக்கொட்டை என்றுதான் சொல்வாள். அந்தச் சொல்லையும் அவள் ‘முந்...’ என்று தொடங்கும்போதே இவர் முடித்துவிடுவார்.

சமையல்கட்டுக் காலண்டரில் ‘பதறாத காரியம் சிதறாது’ என்று போட்டிருந்தது. முதல் சொல்லைப் பார்த்ததுமே, தெரியும் என்று தலையாட்டிவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விடுவார்.

*

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர் மகள் எப்சிபா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“தெரியும். யாரோ ஒரு பையன். வேண்டாம்.”

எப்சிபா வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் முதல் வண்டியில் போய்விட்டாள். அவளுக்குப் பச்சைக் கொடி காட்டியதும் அவர்தான். அது அவர் வேலை.

அவள் சொல்ல வந்தது பையனைப் பற்றியா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அமைதி வேண்டும் என்று அவர் மலையேறியது பொய். போனில் பேசாதவள் கடிதமாவது போடுவாள் என்று, இந்த முகவரியை அவளுடைய தோழிகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். தினமும் காலையில் அஞ்சல் அறைக்கு வந்ததும் முதலில் தன் பெட்டியைத்தான் பார்ப்பார். அதில் இல்லத்து அறிவிப்புகள் மட்டும் இருக்கும்.

*

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. சாரல். கம்பியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பேச்சியம்மாள் குடையோடு கீழே இறங்கியிருந்தாள்.

திரையின் அடியில் ஒரு வரி ஓடியது. வருகிற கடிதங்களின் பெயர் அங்கே ஓடும்.

எப்சிபா. மாசிலாமணிக்கு.

பெட்டியைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. பக்கத்தில் அந்தக் குட்டிக் கோப்பு உட்கார்ந்திருந்தது.

ஒரு நிமிடம் காத்திருந்தார். அது போகவில்லை. இரண்டு நிமிடம். போகவில்லை.

மூன்று வருஷம் ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. எந்தச் செத்த புரோகிராமோ விட்டுப் போன குப்பை, உள்ளே ஒரு எழுத்து கூட இல்லாத குப்பை என்று நினைத்தார். அழித்தார்.

பெட்டி உடனே திறந்தது. வழக்கம்போல் பழைய அறிவிப்புகளை நீக்கச் சொல்லி ஒரு பொத்தானையும் தட்டினார். மகளின் கடிதம் குப்பைக்கு நடுவில் இருக்கக் கூடாது என்று நினைத்தார்.

பிறகு படித்தார்.

‘அப்பா, அன்னைக்கு நான் சொல்ல வந்ததை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள். நான் இப்ப தொட்டி கழுவப்படுவதால் அனைவரும் புதன்கிழமை காலைக்குள் வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுமாறு’

அவ்வளவுதான்.

திரும்பப் படித்தார். மேலிருந்து படித்தார். கீழிருந்து படித்தார். எங்கேயிருந்து படித்தாலும் அவர் மகள் தண்ணீர்த் தொட்டியில்தான் போய் விழுந்தாள்.

*

பேச்சியம்மாள் நனைந்து வந்தாள், திரையைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றார். அதிகாரி வந்தால் நிற்பதுபோல நின்றார்.

“பூட்டை அழிச்சியளா?”

“செத்ததுன்னு நெனச்சேன் டீச்சர்.”

“நேரம் பாத்தியளா?”

“என்ன நேரம்?”

“அன்னைக்குச் சொல்ல வந்தேன்.”

அவர் தலை குனிந்தார்.

“உயிரோட இருக்கவன் அப்பப்ப வந்து பூட்டைத் தொட்டுட்டுப் போவான். தொட்ட நேரம் பக்கத்துல விழும். அஞ்சு நிமிஷமாத் தொடலன்னாத்தான் செத்ததுன்னு அர்த்தம்.”

“எதுக்கும் சீக்கிரம்னு...”

“மாஸ்டர். அந்தப் பூட்டுக்கு உள்ள யார் இருந்தா தெரியுமா?”

“யாரு?”

“உங்க மக.”

சாரல் ஜன்னல் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது.

“கம்பி வழியா அவ கடிதம் ஒவ்வொரு எழுத்தா உள்ள வந்துகிட்டிருந்தது. வந்து முடியட்டும்னுதான் பூட்டு. நீங்க உள்ள போயி, பழசைக் கூட்டிப் பெருக்கினீங்க. அவ நின்ன எடத்தையும் சேத்துப் பெருக்கிட்டீங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே மேகம் உட்கார்ந்திருந்தது. அதன்மேலேயே உட்கார்ந்தார்.

“மீதி எங்கயாவது இருக்குமா டீச்சர்?”

“அவகிட்ட இருக்கும்.”

“இங்க?”

“இங்க இல்ல. அவகிட்டத்தான் கேக்கணும்.”

அறுபத்தொரு வயதில் மாசிலாமணி யாரிடமும் ‘நீ என்ன சொன்னாய்’ என்று இரண்டாம் முறை கேட்டதில்லை. முதல் முறையும் கேட்டதில்லை.

*

அன்று பிற்பகல் அதே நாற்காலியில் கண் அசந்தார்.

கனவில் ஒரு ஸ்டேஷன். நடைமேடை முழுக்க வெள்ளை வெள்ளையாக மேகம். தண்டவாளம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வெளியே சிக்னலுக்கு அப்பால் ஒரு வண்டி நின்று கூவிக்கொண்டிருந்தது. டோக்கன் கொடுத்தால்தான் அது உள்ளே வரும்.

அவர் டோக்கனைத் தேடினார். மேஜைக்கு அடியில் தேடினார். விளக்கு அறையில் தேடினார். வேதக்கோவில் பீடத்துக்குப் பின்னால், மனைவியின் தையல் பெட்டிக்குள், எல்லா இடத்திலும் தேடினார்.

வண்டியின் ஜன்னல் கதவு ஒன்று ஏறுகிற சத்தம் கேட்டது.

“அப்பா, வரலாமா?”

“இரு இரு, தேடுறேன்!”

“உங்க தோள்ல என்ன?”

பிரம்பு வளையம் அவர் தோளில் தொங்கியது. குண்டும் அதிலேயே இருந்தது. எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. தோள் வலித்தது.

விழித்தபோது திரை மட்டும் ஒளிர்ந்தது. நாற்பது பெட்டிகள். எதிலும் பூட்டு இல்லை.

*

மூன்று நாள் உட்கார்ந்து எப்சிபாவுக்குப் பதில் எழுதினார். மூன்று பக்கம்.

இல்லத்து அறிவிப்பும் அவள் கடிதமும் கலந்துபோனதை விளக்கினார். கம்பியைக் குறை சொன்னார். சாரலைக் குறை சொன்னார். பிறகு, நீ சொல்ல வந்தது பையனைப் பற்றி என்றால் எனக்கு இப்போது ஆட்சேபம் இல்லை என்றார். வேலையைப் பற்றி என்றால் அதற்கும் வாழ்த்து. அம்மாவின் நகையைப் பற்றி என்றால் அது பத்திரமாக இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது என்றால் உடனே வருகிறேன். வேதத்தை விட்டுவிட்டேன் என்று சொல்ல வந்திருந்தால் அதையும் பேசிக்கொள்ளலாம்.

“ஒண்ணையும் விடல டீச்சர். பாருங்க.”

பேச்சியம்மாள் முழுவதும் படித்தாள். நிதானமாகப் படித்தாள்.

“இதுல அவ சொன்னது எது?”

“அவ சொல்லியிருப்பா...”

“எது?”

அவள் கையை நீட்டி, ‘அன்புள்ள எப்சிக்கு’ என்பதற்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். ஒரே தட்டு. மூன்று பக்கமும் போய்விட்டது.

“டீச்சர்! மூணு நாள்!”

“ம்” என்றாள். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவருக்கு வந்த கோபத்துக்கு அந்த அறையில் இருந்த மேகம் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. காலியான திரையைப் பார்த்தபடி இருந்தார். வெகுநேரம் கழித்துக் கோபம் அடங்கி, அதன் இடத்தில் வேறொன்று வந்தது. அழுதார். அது யாருக்கும் தெரியாது. அந்த இல்லத்தில் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

பிறகு எழுதினார்.

‘உன் கடிதம் “நான் இப்ப” என்பதோடு நின்றுவிட்டது. வெட்டியது நான்தான். அன்றைக்கும் நான்தான். மீதியைச் சொல்.’

அனுப்பினார்.

*

பத்தொன்பது நாள் பதில் இல்லை.

அந்த நாட்களில் அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்ததாகச் சமையல்காரர் சுடலைமுத்து சொன்னார். “மாஸ்டர்ட்ட இன்னைக்கு என்ன கொழம்புன்னு சொல்ல ஆரம்பிச்சேன். முழுசாச் சொல்லுத வரைக்கும் நின்னாரு. எனக்கே பயமாப் போச்சு.”

இருபதாம் நாள், பிற்பகல் மூன்று மணி, சாரல். திரையின் அடியில் வரி ஓடியது.

எப்சிபா. மாசிலாமணிக்கு.

அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் குட்டிக் கோப்பு வந்து உட்கார்ந்தது. நேரம் 3.02.

மாசிலாமணி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நேரம் 3.04 ஆனது. யாரோ உள்ளிருந்து வந்து பூட்டைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

3.07. மறுபடி தொட்டார்கள்.

நீளமான கடிதம்தான் போல. ஏதாவது படமும் வைத்திருப்பாளோ. யாருடைய படம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை முடிக்காமல் பாதியிலேயே விட்டார்.

3.11.

அதற்குப் பிறகு அசைவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதிமூன்று. பதினாலு. மேகம் ஜன்னல் வழியாக வந்து திரைக்கு முன்னால் நின்றது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பூட்டின் நேரம் 3.11. பதினைந்து. கம்பி கீழே எங்கேயோ தூங்கியிருக்கும். அல்லது அறுந்திருக்கும். பதினாறு.

பேச்சியம்மாள் வாசலில் குடையை உதறினாள். உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு மாஸ்டர்.”

“ம்.”

“கீழ கம்பி ரொம்ப மோசம். செத்துப்போயிருக்கும். அழிச்சிட்டு, இருக்கற வரைக்கும் எடுத்துப் பாப்போம்.”

அவள் கை விசைப்பலகைக்குப் போனது.

மாசிலாமணி தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்தினார். முப்பத்து நாலு வருஷம் சிவப்புக் கொடி பிடித்த கை. பேச்சியம்மாளின் கை நின்றது.

“அஞ்சு நிமிஷம்கிறது ரூல் மாஸ்டர். நான்தான் சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“பெறகு?”

“எங்க லைன்ல வண்டி லேட்டுன்னா லேட்டுன்னுதான் எழுதுவோம். வண்டி இல்லன்னு எழுத மாட்டோம்.”

பதினேழு.

பதினெட்டு.

மேகம் திரையை விட்டு விலகி மூலைக்குப் போனது.

பூட்டின் நேரம் 3.18 ஆனது.

பேச்சியம்மாள் குனிந்து பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். அந்த அறையில் அவள் முதல் முறையாகத் தேவைக்கு அதிகமாக ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தாள்.

“மாஸ்டர், இப்ப...”

“சத்தம் போடாதீங்க டீச்சர்” என்றார் மாசிலாமணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவ இன்னும் பேசி முடிக்கல.”